நாற்பத்தொன்றாம் பக்கத்து ஓரம்

முந்நூறு பிரதி அச்சடித்தேன்.
நூற்றுப் பன்னிரண்டு இன்னும் கட்டிலுக்கடியில்,
தீவனச் சாக்கு விரித்து அதன்மேல்.
பகலில் பால் சொசைட்டியில் கொழுப்புப் பார்க்கிற வேலை.
ராத்திரிகளில் எழுதியதுதான் அந்த மர்ம நாவல்:
வெள்ளகோவிலுக்குத் தெற்கே ஒரு கொப்பரைக் களம்,
பதினெட்டு மூட்டை காணவில்லை,
களத்து நடுவில் ஒற்றைச் செருப்பு.
வீடுவீடாய் ஆட்டுக்கு ஊசி போடப் போகும் செவந்தியக்கா
ஊசிக்கு ஒரு கேள்வியாய்க் கேட்டுக் கேட்டு
கடைசியில் பிடித்துவிடுகிறாள்:
எடைக்காரர் அத்தப்பன்.

'ஒரு சாவு கூட இல்லீங்களே அம்மிணி,
அப்பறம் என்னத்த மர்மம்?' என்றார்
டெம்போ ஓட்டும் குழந்தைவேலு.
பார்லர் நிர்மலா மின்தடை நாளில் ஒரே மூச்சில் படித்தாளாம்.
கொள்ளு அடிப்பிடித்ததுகூடத் தெரியவில்லையாம்.
இன்னொரு பிரதி வாங்கி நாத்தனாருக்குத் தந்தாள்;
நாத்தனார் பாதியில் மூடிவிட்டாள்:
'எல்லாரும் மோரு குடிச்சுட்டே இருக்காங்க.'
தமிழாசிரியர் சிவப்பு மையில்
ஒற்றுப்பிழை நாற்பத்தாறு எண்ணிக் கொடுத்தார்.
கதை எப்படிங்க என்றேன்.
'அத இன்னும் கவனிக்கலீங்க.'

எண்ணெய்ச் செக்கு கந்தப்பர்தான் நேராகக் கேட்டார்:
'பதினெட்டு மூட்டைய ஒத்த ஆளு
ஒரே ராத்திரியில தூக்கிருவானாக்கும்?
நீங்க ஒண்ணத் தூக்கிப் பாருங்.'
தூக்கிப் பார்த்தேன்.
இரண்டு நாள் இடுப்பு நிமிரவில்லை.

எங்கள் ஊரில் நிஜமாகவே ஓர் எடைக்காரர் உண்டு.
பெயர் வேறு, மூக்கு வேறு.
அவர் ஒன்றுமே சொல்லவில்லை.
காலையில் பாலை ஊற்றிவிட்டுச் சீட்டை வாங்காமல் போகிறார்.
மூன்று மாதச் சீட்டும் என் இழுப்பறையில்.

கிளை நூலகத்துக்குப் போனேன்,
எத்தனை பேர் எடுத்திருக்கிறார்கள் என்று பார்க்கத்தான்,
பொய் சொல்வானேன்.
பதினேழு தேதி முத்திரை.
நாற்பத்தொன்றாம் பக்கத்து ஓரத்தில் பென்சிலில்
'அத்தப்பன்' என்று யாரோ எழுதியிருந்தார்கள்.
நாற்பத்தொன்றிலேயே! வயிறு எரிந்தது.
அதை இன்னொரு கை அடித்துவிட்டுக்
கீழே சின்னதாய்:
'மயிலாத்தாள். 9, 23, 67 பாருங்க.'

மயிலாத்தாளா?
களத்துக்காரர் சம்சாரம்.
களவு போன வீட்டுக்காரி, பாவம்,
வருகிறவர்களுக்கெல்லாம் மோர் கொடுக்கிறவள்.

இருபத்துமூன்றில்,
சுவர்ப் பிளவில் செருகிய கோணி ஊசி.
முந்தானையில் ஒட்டிய சணல் நூலை அவள் தட்டிவிடுகிறாள்.
வாக்கியம் மொட்டையாக இருந்ததென்று
அழகுக்கு வைத்த ஊசி அது.
அறுபத்தேழில்,
ஈரோட்டில் நர்சிங் படிக்கும் மகளுக்குப்
பணம் கட்டியாயிற்று என்று ஒரு வரி.
யார் கட்டினார்கள்?
களத்துக்காரரோ முதல் பக்கத்திலிருந்தே
பைசா பிரியாதவர்.
ஒன்பதாம் பக்கத்தில்
'நேத்து ராத்திரி இருந்துச்சுங், காலைல காணோமுங்'
என்று சொன்னது அவள் ஒருத்திதான்.
தூக்கவே தேவையில்லை.
தினம் கொஞ்சமாய்ப் பிரித்து, மறுபடி தைத்து,
இரண்டு மாசம்.

நூலகர் ஃபேனை நிறுத்திவிட்டு
'நேரமாச்சுங்க' என்றார்.
பாலில் கலந்த தண்ணீரைக் கண்டுபிடிக்கிற நான்
நானே கட்டிய ஊரில்
தப்பான ஆளைப் பிடித்துக் கொடுத்திருக்கிறேன்.

விடிந்ததும் எடைக்காரர் பால் ஊற்றினார்.
மூன்று மாதச் சீட்டையும் ரப்பர் பேண்டு போட்டு நீட்டி
'நீங்க எடுக்கலீங்க' என்றேன்.
'எதைங்க?'
கண்ணாடி உடைந்து மூன்று மாசமாச்சாம்.
சீட்டை வாங்கி என்ன பண்றதுங்க என்றார்.

செவந்தியக்காவுக்கு இன்னும் சொல்லவில்லை.
மகளுக்கு இன்னும் ஒரு வருசப் படிப்பு இருக்கிறது.
எழுதிய ராத்திரிகளில்
மயிலாத்தாள் எனக்கும் ஒரு டம்ளர் நீட்டியிருக்கிறாள்,
கறிவேப்பிலை கிள்ளிப் போட்டு.
வாங்கிக் குடித்துவிட்டேன்.